சனாசாவில் இடதுபுறம் ஏறியவர்கள்

நேபாளத்தின் நாம்சே பஜார் என்ற மலையூரில் இரண்டு இரவு தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நோக்கிக் கிளம்பினால், இரண்டு மணி நேரத்துக்குள் சனாசா என்ற சின்ன இடம் வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலதுபக்கப் பாதை தூத் கோசி ஆற்றை நோக்கிச் சரசரவென்று இறங்கி, புங்கி தெங்கா வழியாகத் தெங்போச்சே மடாலத்துக்குப் போகிறது. இடதுபக்கம் ஏறுவது மோங் லா வழியாக கோக்யோ ஏரிகளுக்கு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில், குழு மருத்துவராக நான் போயிருந்த பயணத்தில், திருப்பூரிலிருந்து வந்த மாமாவும் மச்சானும் அந்த இடத்தில் இடதுபுறம் ஏறிவிட்டார்கள். பனிமூட்டம். முன்னால் போன கைடு வளைவைத் தாண்டிவிட்டார். பின்னால் வர வேண்டிய கைடு, முழங்கால் வலியோடு மெதுவாக நடந்த ஓர் அம்மாவுடன் இருந்தார். நடுவில் அரை மணி நேர இடைவெளி விழ விட்டோம். அது எங்கள் தவறு. ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று பிறகு கேட்டபோது மாமா சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "மலைக்குப் போறோம், வழி எப்படிங்க டாக்டர் கீழ இறங்கும்?"

அது அறியாமை இல்லை. பல நாள் மலைநடையில் இப்படி நினைத்து வழி மாறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே சுமார் 3,860. நடுவில் புங்கி தெங்கா 3,250-தான். ஏறி வந்ததை இறங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி அறுநூறு மீட்டர் ஏற வேண்டும். அதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் அவர் இடதுபுறம் பார்த்திருக்கவே மாட்டார்.

புங்கி தெங்காவில் மதியச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணியபோதுதான் இருவர் குறைவது தெரிந்தது. எங்கள் கைடு, மோங் லாவில் தனக்குத் தெரிந்த லாட்ஜ்காரருக்கு போன் போட்டார். இருவரும் அங்கேதான் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று. உயரம் 3,970 மீட்டருக்குப் பக்கம். மச்சானுக்குத் தலைவலி.

அதைவிட என்னைப் பதறவைத்தது அவர் போனில் சொன்ன யோசனை. "இப்படியே தோலே போய், கோக்யோ பார்த்துட்டு, சோ லா கணவாய் வழியா உங்களோட வந்து சேர்ந்துக்கறோம் டாக்டர். தப்பா வந்ததும் நல்லதுக்குன்னு வெச்சுக்கலாமே!"

வழி தப்பியது ஆபத்தில்லை. அதற்குப் பிறகு எடுக்கும் முதல் முடிவில்தான் ஆபத்து இருக்கிறது. விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும், வந்ததை வீணாக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எல்லோரும் மீதமிருக்கும் தூரத்தைத்தான் கணக்குப் போடுவார்கள். உடம்பு பார்ப்பது இன்று ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதை. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. தோலே 4,000 மீட்டரைத் தாண்டிய ஊர். நாம்சேயிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ப் படுப்பதே அதிகம், அதுவும் தலைவலியோடு. கோக்யோ பள்ளத்தாக்கு பேஸ் கேம்ப் வழியைவிட வேகமாக உயரம் கூட்டும் வழி. சோ லாவோ 5,400 மீட்டரைத் தாண்டியது.

மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். லாட்ஜின் மரத்தரையில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓடும் இடுக்கைக் கோடாக வைத்து, குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி ஒட்டி மச்சானைப் பத்து அடி நடக்கச் சொன்னேன். தள்ளாடாமல் நடந்தார். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த நிமிடமே இறக்கியிருப்போம். ராத்திரியானாலும் காத்திருக்க முடியாது. தலைவலியோடு பசியின்மையோ குமட்டலோ தலைசுற்றலோ அசாத்தியச் சோர்வோ சேர்ந்தால் அது மலை நோய் என்றே கொள்ளுங்கள். அதற்குமேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. அதற்கும் முதல் மருந்து இறங்குவதுதான்.

திரும்பி சனாசாவுக்கு இறங்கி, புங்கி தெங்கா போய், இருட்டில் தெங்போச்சே ஏறச் சொல்வதும் சரியாகப் படவில்லை. மோங் லாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆற்றோரம் போர்ட்சே தெங்காவுக்கு இறங்கிவிடலாம். அது 3,680 மீட்டர். நாம்சேயைவிட 240 மீட்டர்தான் கூடுதல். அங்கிருந்து ஆற்றைக் கடந்து போர்ட்சே கிராமம் ஏறினால், மலைச்சரிவில் பாங்போச்சேக்கு வழி இருக்கிறது. நாங்களும் அங்கேதான் வரப்போகிறோம். லாட்ஜ்காரரின் மகன் இருவரையும் கீழே கூட்டிப்போனான். எங்கள் உதவி கைடு சனாசாவுக்குத் திரும்பி ஏறி, இருட்டுவதற்குள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் மச்சான் கஞ்சியை வாந்தியெடுத்தார். இன்னொரு இரவு அங்கேயே. நாங்கள் பாங்போச்சேயில் ஒரு நாள் காத்திருந்தோம். சுகுங் என்ற ஊர்ப்பக்கம் போக வைத்திருந்த உபரி நாள் அதில் போனது. "அவங்க தப்பா போனதுக்கு நாங்க ஏன் ஒரு நாளை விடணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். உபரி நாள் யாருக்காகவும் எதற்காகவும் செலவாகலாம் என்பதை ஊரில் கிளம்பும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். லுக்லாவிலிருந்து திரும்பும் விமானம் எப்படியும் வானிலையைப் பொறுத்தது. டிக்கெட்டில் இரண்டு நாள் இடைவெளி இல்லாதவர்கள், நோயாளியைப் பார்க்கும்போதும் காலண்டரைத்தான் பார்ப்பார்கள்.

திட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்வதன் விலை எனக்கு 2014-ஐத்தான் நினைவூட்டும். அந்த அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயல்தான், இரண்டு நாளில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடக்கப் போனவர்கள் பலர் அதில் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் இறந்தவர்கள் 40-க்கும் மேல். நம் வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானால், நேபாள மலையில் நடப்பவரும் அந்தச் செய்தியைக் கேட்க வேண்டும்.

மலை நோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஏறலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்பது உடம்பு பழகுவதற்கு உதவி மட்டுமே. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வரைபடத்தை ஊரிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் போனைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள். கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்து என்று மலைக்காரர்களுக்குப் புரியும்.

மூன்றாம் நாள் மதியம் மாமாவும் மச்சானும் பாங்போச்சே வந்து சேர்ந்தார்கள். மச்சான் இரண்டு தட்டு தால்பாத் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் பசித்தது.

இப்போதெல்லாம் நாம்சேயில் காலை டீயின்போதே கைடு எழுந்து நின்று கையைக் கீழே காட்டிச் சொல்வார்: "இன்று சனாசாவில் இறங்குவோம். ஏறினால் தப்பான வழி." சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிப் போய், கடைசி ஆள் வரும்வரை அந்தப் பிரிவிலேயே நிற்பார்.