எதிர்காற்றில் காய்ந்த சட்டை, பின்காற்றில் ஏன் நனைகிறது?

ஆனி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பிய வாசகர் ஒருவரின் கேள்வி இது: “போகும்போது எதிர்காற்று, கால் ஓய்ந்துவிட்டது, ஆனால் சட்டை காய்ந்தே இருந்தது. திரும்பும்போது காற்றே தள்ளியது, மிதி லேசு; ஆனால் ஆலங்குளம் வருவதற்குள் தொப்பலாக நனைந்து தலைவலி வந்துவிட்டது. இது எப்படி?”

கேட்க வேண்டிய கேள்விதான். லேசாக மிதித்தவர் ஏன் அதிகம் சூடானார்?

நம் தசைகள் தின்பதில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாக மிதிக்குக் கொடுப்பதில்லை. பெடலில் 100 வாட் சேரும்போது உடலுக்குள் 300 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. அதை வெளியேற்ற வேர்வைதான் முக்கிய வழி. 1 லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆவியானால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும் என்பதை மறக்கக் கூடாது. தாடையிலிருந்து சொட்டி ரோட்டில் விழுந்த வேர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோனதே தவிர, சூட்டைக் கொண்டுபோகவில்லை.

தோலை ஒட்டி ஈரம் நிறைந்த காற்றுப்படலம் ஒன்று எப்போதும் மெல்லியதாகப் படிந்திருக்கிறது. அது தடித்தால் புதிதாக ஆவியாகும் நீருக்கு இடமிருக்காது. வீசும் காற்று அதைச் சீவி எடுத்துவிடும். இப்போது வாசகரின் பயணத்தைப் பார்ப்போம். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். தென்காசி நோக்கி 15 கி.மீ. வேகத்தில் போனால் உடம்பில் படும் காற்று 30 கி.மீ. திரும்பும்போது 20 கி.மீ. வேகத்தில் வந்தால் படுவது வெறும் 5 கி.மீ. ஆவியாகும் திறன் காற்று வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுவதால், ஆறு மடங்கு காற்று ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேர்வையை ஆவியாக்கும். போகும்போது அவருக்கு வேர்க்காமல் இல்லை; வேர்த்தது கண்ணில் படுமுன் போய்விட்டது! வரும்போது பெரும்பகுதி உடம்பிலேயே தங்கிவிட்டது. வண்டியை நிறுத்தியதும் வேர்வை கொட்டுவதும் இதனால்தான். காற்று சட்டென்று நின்றுவிடுகிறது, வேர்வைச் சுரப்பிகளோ இன்னும் சில நிமிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே இளைப்பாற இடம் தேடும்போது நிழலோடு காற்றையும் பாருங்கள். நாலு பக்கமும் அடைத்த பஸ் நிறுத்தத்தைவிடக் குளத்தங்கரை மருதமர நிழல் பல மடங்கு மேல். சாலையை அகலப்படுத்தும்போது அந்த மரங்களை வெட்டிச் சாய்ப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த மேல்காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையாகவும் குற்றாலத்தில் சாரலாகவும் ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் கிழக்கே வருகிறது. மலையிறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். தோலின் சூடு 35 டிகிரிக்குள்தான். அதற்கு மேற்பட்ட காற்று உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கவே செய்யும். ஆனாலும் உலர்ந்திருப்பதால் ஆவியாதல் அதை வென்றுவிடும்.

கடற்கரைப் பக்கம் கதை வேறு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வேர்வையால் எவ்வளவு குளிர முடியும் என்பதை அதுதான் சொல்லும். 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டு மதியத்தில் அது சுமார் 24. கடலோர ஊரான உவரியில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் அது 29! வெயில் குறைவு என்று நம்பிக் கடலோரம் மிதிப்பவர்தான் முதலில் சரிவார். செய்திகளில் உச்ச வெப்பநிலையை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கருவி வைத்து ஈரக்குமிழ் அளவையும் தினமும் அறிவிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். வயலிலும் செங்கல் சூளையிலும் நிற்பவர்களுக்கு அது உயிர் காக்கும் எண்.

இனி நடைமுறைக்கு வருவோம். விடியுமுன் கிளம்பி 11 மணிக்குள் நிறுத்துங்கள். மாலை 4 மணிக்கு மேல் மீண்டும் தொடங்கலாம். மணிக்கு முக்கால் லிட்டர் வேர்வை சாதாரணம், 1 லிட்டரில் 2, 3 கிராம் உப்பும் போகும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை கிறுகிறுக்கும், குமட்டும். 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்துகொள்ளுங்கள். குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன. பின்னாலேயே தண்ணீர் போகும். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து வாய் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. வேர்வையோடு தண்ணீர் குடித்தால் சளி கட்டும் என்று தாகத்தை அடக்கச் சொல்வது ஆபத்தான மூடநம்பிக்கை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

பின்காற்றிலும் ஏற்றத்திலும் வேறொரு வழி உண்டு. சட்டையிலும் கழுத்துத் துண்டிலும் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரும் வேர்வை அளவுக்கே சூட்டை எடுக்கும், உடம்பின் உப்பு மிச்சம். உள்நாட்டில் இது அருமையாக வேலை செய்யும். உவரியில் பாதிதான் பலிக்கும்.

உடைமுள் குத்தாமல் ஒரு நாள் போகாது. பஞ்சர் ஒட்டும்போதும் ஆவியாதலே விதி: சொல்யூஷன் தடவி, ஈரப் பளபளப்பு போய்த் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே ஒட்டு வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மதிய வெயிலில் ஒட்டு வழுக்கிவிடும்.

வெயிலில் உடல் சிலிர்த்தாலோ, கூட வருபவர் பேச்சு குழறினாலோ வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். வேர்வை நின்றால்தான் வெப்பவாதம் என்று காத்திருக்க வேண்டாம். வேர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, துண்டால் விடாமல் விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.