அந்த ஆய்வில் உங்கள் அப்பா இருந்தாரா?

மேற்கு மாம்பலத்தில் முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பது வழக்கம். "அப்பாவுக்கு இதயம் தாறுமாறா துடிக்குதாம், ஆபரேஷன் பண்ணிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" அடுத்து, "மறதி ஜாஸ்தியாயிடுச்சு, மூலிகை மாத்திரை குடுக்கறோம், ஒண்ணும் பண்ணாதுதானே?" கூடவே 'ஆய்வில் நிரூபணம்' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் காட்டுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆய்வில் யாரையெல்லாம் சேர்த்திருந்தார்கள்?

தாறுமாறாகத் துடிப்பது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு. மறதி நோயும் இவர்களிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. ஆக, அந்த இரண்டு கேள்விகளும் ஒரே ஆளைப் பற்றியவை.

முதலில் ஆபரேஷன். 1987-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 'மேஸ்' என்ற முறையைத் தொடங்கினார். மேலறைச் சுவரில் கணக்காக வெட்டித் தைப்பார்கள்; மின்துடிப்பு கண்டபடி சுற்றாமல் தழும்புகள் தடுக்கும். இப்போது பெரும்பாலும் கத்திக்குப் பதில் வெப்பமோ கடுங்குளிரோதான். வால்வுக்கோ பைபாஸுக்கோ நெஞ்சைத் திறக்கும்போது இதையும் சேர்த்துச் செய்வது வழக்கம். தொடை வழியாகக் கம்பி விட்டுச் செய்யும் அப்லேஷன் வேறு. 2019-ல் வெளியான கபானா ஆய்வில் 2,204 பேரை வைத்து அதைத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். படபடப்பு குறைந்தது, ஆட்கள் தெம்பாக உணர்ந்தார்கள். மரணம், பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா? 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், வேறு காரணத்துக்காக இதய அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அந்த இடது பையையும் மூடினார்கள். பக்கவாதமும் பிற உறுப்புகளில் அடைப்பும் 7 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மூன்று வருடம் கழித்தும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! பாதிச் செய்திதான் வாட்ஸ்அப்பில் வருகிறது.

நம் ஊருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் இங்கே நிறைய. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளில், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும்) பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகளை முதலில் ஆராய்ந்தபோது, வால்வு மோசமாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவில்லை. பின்னர் ருமாட்டிக் நோயாளிகளை வைத்தே நடந்த இன்விக்டஸ் ஆய்வில் (2022) பழைய வார்ஃபரின் வகை மருந்துதான் மேலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று நீங்களும் மாறக் கூடாது.

சரி, மூலிகைக்கு வருவோம். மறதிக்கு அதிகம் விற்கும் ஜின்கோ என்ற மர இலைச் சத்தை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சுமார் 6 வருடம் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: 120 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு கொடுத்தும் மறதி நோய் வருவது குறையவில்லை. ரத்தக்கசிவும் பெரிதாகக் கூடவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு "பாதுகாப்பானது" என்பார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் அதில் இல்லை.

மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். மறதிக்கு நாங்களே எழுதும் கேலன்டமைன் ஒரு பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்த மருந்து. மறதியைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். அதுவும், மறதிக்கே கொடுக்கும் டோனபெசிலும் நாடித்துடிப்பைக் குறைக்கும். ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் தலைசுற்றி விழலாம். அதனால்தான் தொடங்குமுன் ஈசிஜி கேட்கிறோம். செடியிலிருந்து வந்தது என்பதால் இதயம் அதற்கு விலக்கு கொடுப்பதில்லை. அரளி விதையைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

வல்லாரைத் துவையலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வார்ஃபரின், அதே வகையான அசிட்ரோம் எடுப்பவர்கள் கீரையை வாரம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ராசப்ப செட்டி தெருவில் வாங்கி வரும் பெயரில்லாப் பொடிதான் எனக்குப் பயம்; உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அங்கே இங்கிலீஷ் மருந்துச் சீட்டையும், இங்கே லேகிய டப்பாவையும் காட்டுங்கள். திட்டு விழும் என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம், மறதி எல்லாமே டிமென்ஷியா கிடையாது. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேட்காமை எல்லாம் மறதி மாதிரியே வரும். ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையை இடித்துக்கொண்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூளைக்கு மேலே மெதுவாகக் கசியும் ரத்தம், சில வாரம் கழித்துக் குழப்பமாகவும் மறதியாகவும் தெரியக்கூடும். அதை ஸ்கேனில் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியிருக்கிறது.