புதிய மடிக்கணினியின் சாவி யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரித்துத் தருவது என் தொழில். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததை ஒட்டி, என் வாடிக்கையாளர்களில் பலர் பழைய கணினிகளை ஓரங்கட்டிவிட்டு அலுவலகப் பயன்பாட்டுக்கென்றே விற்கப்படும் மடிக்கணினிகளை வாங்கினார்கள். விசிறி இரைகிறது, விசைப்பலகை கைக்கு ஒத்துவரவில்லை, பழைய பிரிண்டர் கேபிளைச் செருக இடமில்லை என்று அவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் பழகிப்போகும். பழக்கத்தால் தீராத ஒரு சிக்கலும் உண்டு. கணினியில் உள்ள கோப்புகளைத் திறக்கும் மீட்பு எண் யாரிடம் இருக்கிறது என்பதுதான் அது. பெட்டியைப் பிரித்த அன்றே அது தொடங்கிவிடுகிறது.

பிடோக் நார்த்தில் கேட்டரிங் சமையற்கூடம் நடத்தும் அக்கா ஒருவர், வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத மடிக்கணினி உயிர்விட்டுவிட்டது என்று உத்தரவாத சேவையை அழைத்திருந்தார். வந்த பழுதுபார்ப்பாளர் மதர்போர்டை மாற்றி, கணினியை இயக்கிக் காட்டினார். திரை நீல நிறத்தில் ஒளிர்ந்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. "அந்த எண் உங்களிடம்தான் இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. உத்தரவாதம் பொருளுக்குத்தானே தவிர, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கலங்கவில்லை. "தம்பி, நீங்க அன்னைக்கே சொன்னீங்கன்னு பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்" என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து தாளை நீட்டினார். மீட்பு எண்ணைக் கேட்கும் திரையிலேயே அந்த எண்ணுக்குரிய அடையாளக் குறி இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகள் தாளில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். இங்கே முதல் எழுத்தே பொருந்தவில்லை. அவர் பத்திரப்படுத்தியிருந்தது, விற்றுத் தீர்த்த பழைய கணினியின் எண்.

புதியதை முதன்முதலில் திறந்தது யார் என்று கேட்டேன். அவசரமாக இன்வாய்ஸ் அச்சிட வேண்டியிருந்ததால், அலுவலக உதவியாளராக இருந்த ஒரு தம்பி, தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கணினியைத் தொடங்கியிருக்கிறார். வேலை அனுமதி முடிந்து அவர் அறந்தாங்கிக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நல்லவேளையாக வாட்ஸ்அப்பில் கிடைத்தார். தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ஆறு ஆறு இலக்கங்களாகப் பிரிந்த எட்டுத் தொகுதிகளையும் அவர் ஆங்கிலத்தில் வாசிக்க, அக்கா எழுதிக்கொண்டார். பாத்திரம் கழுவும் சத்தத்தில் எது ஃபைவ், எது நைன் என்ற குழப்பம். இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கைப்பேசிக் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தபோது ஒரு தொகுதி மட்டும் மீதி காட்டியது. அதில் இருந்த 5ஐ 9 ஆக்கியதும் கணக்குச் சரியானது, கணினியும் திறந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புடன் வரும் புதிய கணினிகளில், ஹோம் வகையாக இருந்தாலும் புரோ வகையாக இருந்தாலும், சேமிப்பகம் முழுவதும் தானாகவே மறைகுறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் யார் நுழைகிறாரோ, அவருடைய கணக்கில் மீட்பு எண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அன்றாடம் கணினியைத் திறக்கும்போது, மதர்போர்டோடு சேர்ந்த டிபிஎம் எனும் பாதுகாப்புப் பகுதி நமக்குத் தெரியாமலேயே பூட்டைத் திறந்துவிடுவதால், அப்படி ஒரு பூட்டு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. போர்டு மாறினால் அது அந்நியப் போர்டு, பூட்டு திறக்காது. சில வேளைகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்புக்குப் பிறகும் இதே நீலத் திரை வரும்.

"ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பாருங்களேன்" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எத்தனையோ பேரின் கணக்கு வழக்குகளை மீட்டுக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினேன். மறைகுறியாக்கப்பட்ட சேமிப்பகத்தில் அந்த வித்தை பலிக்காது. எண் இல்லாவிட்டால் என்னாலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

அப்படி முடியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு துணிக்கடையில், கணினியைத் தொடங்குவதற்காகவே யாரோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கியிருந்தார்கள். கடவுச்சொல் நினைவில்லை, அதோடு இணைத்திருந்த தொலைபேசி எண் இப்போது வேறு யாரோ ஒருவருடையது. கடைசியில் சேமிப்பகத்தை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. வணிகப் பதிவுகளை ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. ஆகவே அந்தக் கடைக்காரரும் மனைவியும் காகித ரசீதுகளையும் வங்கி அறிக்கைகளையும் வைத்து, பொருள் சேவை வரிக் கணக்கை வரிவரியாக மறுபடியும் தட்டச்சு செய்தார்கள். கணினியை நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்ததால், பழுதான பொருளை வாங்கிய நுகர்வோருக்கு நிவாரணம் தரும் லெமன் சட்டத்தையும் அவர்களால் நாட முடியவில்லை. நாடியிருந்தாலும் கோப்புகள் திரும்பி வந்திருக்கப் போவதில்லை.

இதைக் கேட்டதும் அந்தப் பூட்டையே எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உள்ள மடிக்கணினியை எம்ஆர்டி ரயிலில் மறந்துவைத்துவிட்டு இறங்கினால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான். அந்த நேரத்தில் இந்தப் பூட்டைவிட நல்ல துணை கிடையாது. பூட்டு இருக்கட்டும், சாவி உரிமையாளரிடம் இருக்கட்டும்.

புதிய கணினியை நிறுவனத்துக்கென்று உருவாக்கிய மின்னஞ்சலைக் கொண்டே தொடங்குங்கள். அதற்குரிய தொலைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பணியாளரின் கணக்கில் தொடங்கிவிட்டீர்கள் என்றால், செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதற்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், அந்தப் பணியாளர் உங்களிடம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மீட்பு எண்ணையும் அடையாளக் குறியையும் எடுத்து அச்சிட்டுவிடுங்கள். புரோ வகையில், இந்தப் பூட்டை நிர்வகிக்கும் பிட்லாக்கர் பக்கத்திலிருந்தே அச்சிடலாம். தாளில் கணினியின் வரிசை எண்ணையும் தேதியையும் கையால் எழுதுங்கள். மறைகுறியாக்கத்தை ஒருமுறை நீக்கி மீண்டும் போட்டால் எண் மாறிவிடும் என்பதால், அப்போது புதிய எண்ணை அச்சிட்டுவிட்டுப் பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள். அச்சிட்ட தாளை மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு முறை அங்கேதான் கண்டெடுத்தேன்.

உத்தரவாத சேவையை அழைக்கும் முன், கணினி இன்னும் இயங்கும் நிலையில் இருந்தால், கோப்புகளை ஒரு வெளி வட்டில் படியெடுத்துவிட்டு, எண் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொலைபேசியை எடுங்கள். பிடோக் அக்காவின் கணினியில் இப்போது நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. சமையற்கூட உரிமப் பத்திரங்கள் உள்ள கோப்பில் புதிய தாளும் இருக்கிறது. சென்ற முறை போனபோது, குறியின் எட்டு எழுத்துகளையும் நான் கேட்காமலேயே அவர் திரையோடு ஒப்பிட்டுக் காட்டினார்.