மிதக்குமா, மூழ்குமா? விடையைத் தண்ணீர் சொல்லட்டும்

கல்லைப் போட்டால் மூழ்கும், குச்சியைப் போட்டால் மிதக்கும். இதை ஆசிரியரே செய்து காட்டி, “கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்” என்று முடித்தால் பிள்ளைகள் கற்பது ஒரு தவறு. முழுப் பூசணிக்காய் மிதக்கிறது. கைக்குள் அடங்கும் உருளைக்கிழங்கு மூழ்கிவிடுகிறது. அந்தத் தவறை உடைக்கிற பொருள்களாகத் தேர்ந்தெடுப்பதுதான் திட்டமிடலில் பாதி வேலை.

நான்காம் வகுப்புக்கு, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொட்டி போதும். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை நீங்களே வெட்டி, விளிம்பில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் 12 செ.மீ. உயரமாவது நிற்கட்டும். அகலமான தட்டில் 5 செ.மீ. தண்ணீர் ஊற்றினால் ஆரஞ்சுப் பழம் மிதக்கிறதா, தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்றே தெரியாது. மணி அடிப்பதற்கு முன்பே தண்ணீரை நிரப்பி வையுங்கள்; இல்லாவிட்டால் 40 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் அதற்கே போய்விடும்.

சிறிய கத்தரிக்காய், சிறிய உருளைக்கிழங்கு, குண்டூசி, தோலுடன் ஓர் ஆரஞ்சு, தோலுரித்த ஓர் ஆரஞ்சு. ஒவ்வொன்றையும் போடும் முன் கணிப்பைப் பென்சிலால் எழுதவேண்டும், முடிவைப் பேனாவால். ரப்பருக்கு அனுமதி இல்லை! தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கணிப்பை அழித்துத் திருத்துவதுதான் இந்த வகுப்பில் அதிகம் நடக்கும் கோளாறு. போடுகிறவரும் எழுதுகிறவரும் பொருளுக்குப் பொருள் மாறட்டும். இல்லையேல் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் போட்டுவிடும்.

முதல் நாளே ஒருமுறை செய்துபாருங்கள். உரித்த ஆரஞ்சு மூழ்கவேண்டும். ஆனால் சுளைகளுக்கு நடுவே காற்று தங்கியிருந்தால் மிதக்கும். அப்படியானால் வேறு பழம் வாங்குங்கள். குண்டூசியை மெல்லப் படுக்கவைத்தால் நீர்ப்பரப்பிலேயே நின்றுவிடும். எதுவானாலும் ஒருமுறை விரலால் உள்ளே அமுக்கிவிட்டுப் பார்ப்பது என்று விதி வைத்தால் குழப்பம் தீரும்.

அடுத்தது படகு. சமையலறை அலுமினியத் தாளில் 10 செ.மீ. சதுரங்கள், குழுவுக்கு இரண்டு. ஒன்றைப் பந்தாக்கினால் மூழ்கும் என்று எதிர்பார்ப்பீர்கள்; கசக்கிய பந்து மிதக்கும், உள்ளே காற்று இருக்கிறதே! திரும்பத் திரும்ப மடித்து, கல்லால் தட்டித் தட்டையாக்கினால்தான் மூழ்கும். மற்றதன் ஓரங்களை 2 செ.மீ. மடித்துப் படகாக்கி, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லுங்கள். கோலிக்குண்டு வேண்டாம், ஒரு பக்கமாக உருண்டு படகைக் கவிழ்த்துவிடும். குழுவுக்கு 150 கொட்டைகளாவது வையுங்கள். ஓரத்தில் குவித்த குழுவின் படகு சீக்கிரம் கவிழும். பரப்பி வைத்த குழு அதிகம் ஏற்றும். இதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, பக்கத்துக் குழுவை எட்டிப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள்.

விளக்கம் கடைசியில்தான். ‘அடர்த்தி’ என்ற சொல் இந்த வயதில் வாய்ப்பாடாகத்தான் நிற்கும். அதற்குப் பதில், இறுக மூடிய காலி பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொருவரும் கையால் அமுக்கட்டும். தண்ணீர் மேலே தள்ளுவது உள்ளங்கைக்கே தெரியும். அதிகத் தண்ணீரை விலக்கினால் அதிகத் தள்ளு. பிறகு கேளுங்கள்: ஒரே அளவுத் தாள்தானே, தட்டையாக்கியது ஏன் மூழ்கியது, படகு ஏன் மிதந்தது?