சிமெண்ட் ஆலைக்குப் போகும் குப்பை: விதி என்ன சொல்கிறது?

சென்னை பெருங்குடிக் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும்போது மண் கீழே உதிரும், கல்லும் இரும்பும் ஒரு பக்கம் போகும். கடைசியில் மிஞ்சுவது ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, நைந்த சேலை, அறுந்த செருப்பு. பழைய பேப்பர் கடைக்காரர்கூட தொடாத சரக்கு. இதைத் துண்டாக்கி, உலர்த்தி, கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றி அரியலூர் போன்ற இடங்களிலுள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் இந்தக் கழிவு எரிபொருளுக்கு ஆர்டிஎஃப் என்று பெயர்.

இதற்கு வழி போட்டது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைக் கிடங்கில் கொட்டக் கூடாது. ஆர்டிஎஃப் தயாரிக்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதற்கு மாற வேண்டும் என்றன அந்த விதிகள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், இந்த 5 சதவீதத்தை ஆறு ஆண்டுகளில் 15 ஆக உயர்த்தச் சொல்கின்றன.

அந்த 100 கிலோமீட்டர் கணக்கு எனக்கு எப்போதும் இடிக்கும். மாநிலத்திலேயே அதிகம் குப்பை சேரும் சென்னையிலிருந்து அரியலூருக்குச் சாலை வழி 250 கிலோமீட்டருக்கும் மேல். லாரி வாடகை யார் தலையில் என்பதுதான் அங்கே பெரிய பேச்சு.

சரி, ஏன் சிமெண்ட் ஆலை? சிமெண்டாக அரைபடும் கட்டிதான் கிளிங்கர்; அது உருவாகும் சூளையில் கல்லே சுமார் 1,450 டிகிரிக்குச் சூடேறும், தீச்சுடர் அதைவிடச் சூடு. உள்ளே நிறைந்திருக்கும் சுண்ணாம்பு அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். சாம்பலும் கிளிங்கரோடு கலந்துவிடுவதால் தனியாகக் கொட்ட இடம் தேட வேண்டாம்.

ஆனால் எந்தக் குப்பையையும் அள்ளிப் போட முடியாது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆர்டிஎஃப்பை மூன்று தரமாகப் பிரிக்கிறது. மூன்றாம் தரத்துக்குக் கிலோவுக்கு 3,000 கிலோகலோரி, இரண்டாம் தரத்துக்கு 3,750, முதல் தரத்துக்கு 4,500 வேண்டும். ஈரம் முறையே 20, 15, 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரத்தில் ஏன் இவ்வளவு கறார்? மழையில் நனைந்த 100 கிலோ கட்டில் 35 கிலோ தண்ணீர் என்று வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே நிலக்கரி செலவாகும். அப்புறம் எதற்கு இந்த எரிபொருள்?

அதைவிடப் பெரிய தொல்லை குளோரின். மேலே சொன்ன செருப்பு பிவிசி என்றால் குளோரின் அதிலிருந்துதான் வரும், ரெக்சின் பையிலிருந்தும் வரும். சூளையில் ஆவியான குளோரைடு உப்பு, மேலே சூடு குறைந்த பகுதியில் படிந்து வழியை அடைக்கும். அடைப்பெடுக்க ஆலையையே நிறுத்த வேண்டிவரும். சிமெண்டில் குளோரைடு கூடினால் வீட்டுக் கம்பி துருப்பிடிக்கும். சாதாரண சிமெண்டில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதனால்தான் முதல் தர ஆர்டிஎஃப்பில் குளோரினுக்கு 0.5 சதவீதமே உச்சவரம்பு.

ஆலை வெளிவிடும் புகைக்கும் வரம்பு உண்டு. கழிவை எரிக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கென 2016 மே மாதம் தனி அளவுகள் அறிவிக்கப்பட்டன. ஒரு கனமீட்டர் புகையில் தூசி 30 மில்லிகிராம், ஹைட்ரஜன் குளோரைடு 10 மில்லிகிராம், பாதரசம் 0.05 மில்லிகிராம், டையாக்சின் வகை நச்சுகள் 0.1 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மருத்துவமனைக் கழிவு, ஆஸ்பெஸ்டாஸ், பேட்டரி, மின்னணுக் கழிவு, தரம் பிரிக்காத ஊர்க்குப்பை இவற்றையெல்லாம் சூளைக்கு உகந்தவை அல்ல என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் ஒதுக்குகிறது.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போடலாம். "ஆலை மாசுபடுத்துகிறதா?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆலை இயங்க வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையின் நகல், அதில் அனுமதித்த கழிவின் வகையும் அளவும், கடைசியாக எடுத்த டையாக்சின், பாதரசச் சோதனை அறிக்கை, சோதனை நடந்த அன்று சூளையில் எவ்வளவு ஆர்டிஎஃப் எரிந்தது என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வெறும் நிலக்கரி ஓடிய நாளில் எடுத்த அளவு நல்லதாகத்தான் இருக்கும்.