எட்டு வேட்டி, இரண்டே சாண்

ஆடிக் காற்று வீசும் நாளில் திருநெல்வேலிப் பக்கத்து மொட்டை மாடிகளில் துணி சட்டென்று காய்ந்துவிடும். தொய்வில்லாமல், அதே சமயம் இழுத்துக் கட்டாமலும், ஒரு நைலான் கொடி இருக்கிறது. அதன் நடுவில் ஈர வேட்டி ஒன்றைப் போட்டால் ஒரு சாண் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் எட்டு வேட்டி போட்டால்? எட்டு சாண் என்றுதான் மனசு சொல்லும். இறங்குவது இரண்டே சாண்.

நேராகக் கிடக்கும் கயிற்றால் பாரத்தை மேலே இழுக்க முடியாது. தொய்ந்த பிறகுதான் முடியும். தொய்யத் தொய்ய கயிறு நீள்கிறது, இழுவிசை தொய்வின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கூடவே கயிறு சாய்வதால், அந்த இழுவிசையில் மேல்நோக்கித் திரும்பும் பங்கும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, தாங்கும் பாரம் தொய்வின் கனத்துக்கு (தொய்வு × தொய்வு × தொய்வு) ஏற்பக் கூடுகிறது; தொய்வு இரண்டானால் பாரம் எட்டு. நைலான் கயிறு என்னவோ, விசைக்கு நேர்விகிதத்தில் நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678இல் சொன்ன விதிப்படிதான் நீள்கிறது. கணக்கை வளைத்தது கயிற்றின் வடிவம்.

இங்கே கன மூலம் எடுத்தால் விடை வந்துவிடும். ஆனால் கயத்தாறு வழியில் சுழலும் காற்றாலை இறக்கை எவ்வளவு வளையும் என்பதற்கு அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. அங்கே கைகொடுப்பது, ஓர் ஊகத்தில் தொடங்கி அதைப் படிப்படியாகத் திருத்தும் நியூட்டன்-ராப்சன் முறை; ராப்சன் இதை 1690இல் வெளியிட்டார். நம் கொடியிலேயே போட்டுப் பார்ப்போம். தொய்வு 1 சாண் என்று தொடங்குகிறேன். அதில் தாங்குவது 1 வேட்டி, மீதி 7. அந்த இடத்தில் கயிற்றின் விறைப்பு, அதாவது தொய்வு கூடும்போது தாங்கும் பாரம் கூடும் வீதம் (சரிவு), 3 × தொய்வு × தொய்வு; இங்கே 3. ஏழை மூன்றால் வகுத்துக் கூட்டினால் 3.33. அதிகமாகப் போய்விட்டது. சரி, புது இடத்தில் மறுபடி மீதியையும் சரிவையும் பார்த்துத் திருத்தினால் 2.46, அப்புறம் 2.08, அப்புறம் 2.003. ஒவ்வொரு முறையும் வளைகோட்டை ஒரு நேர்கோடாகப் பாவிப்பதுதான் முழு வித்தையும்.

பூச்சியத்தில் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். அங்கே விறைப்பே பூச்சியம், எதால் வகுப்பது? அதனால் கணினியில் கயிற்றுக்கு முதலிலேயே கொஞ்சம் இழுவிசை கொடுத்துவிடுவார்கள். பாரத்தையும் மொத்தமாக ஏற்றாமல், ஒவ்வொரு வேட்டியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சமநிலை கண்டபின்தான் அடுத்தது. அப்போது 3.33 போன்ற தாவல் வராது.

இறக்கையிலும் இதே வேலைதான். அதை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒற்றை எண்ணாக இருந்த விறைப்பு, எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய பெரிய அணியாகிவிடும் (matrix). இறக்கை வளைந்தால் அதன் மேல் படும் காற்றின் விசையும் மாறும், ஆகவே ஒவ்வொரு படியிலும் அந்த விசையையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.