அஞ்சு நாள்தானே, என்ன ஆயிடும்?

நவம்பரில் தேசிய நூலக வாரம் தொடங்கினால் மார்ச் ஆண்டு விழா வரை பல்கலைக்கழக நூலகங்களில் கண்காட்சிப் பருவம்தான். பழைய நூல் வேண்டும், கண்ணாடிப் பெட்டி வேண்டும், டிவி வேண்டும் என்று நூலகத்தில் வேலை செய்யும் எங்களுக்குத் துறைகளிலிருந்து கடிதம் வரும். தயங்கினால் உடனே பதில்: “அஞ்சு நாள்தானே சார், என்ன ஆயிடும்?”

என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் திரும்பி வந்த 1930களின் இதழ் ஒன்றே சாட்சி. மேற்குச் சன்னலோரம் வைத்திருக்கிறார்கள். அட்டை வெளிறிவிட்டது. விளக்கக் குறிப்பின் அட்டை மறைத்திருந்த இடம் மட்டும் பழைய சிவப்பில் பளிச்சென்று ஒரு செவ்வகம். அந்தச் சிவப்பை யாராலும் மீட்டுத் தர முடியாது.

ஒளியின் சேதம் கணக்கு வைத்துக்கொண்டே போகும். இருட்டு அறையில் ஓய்வெடுத்தால் குறையாது. விளக்கின் அளவை நேரத்தால் பெருக்குங்கள். செய்தித்தாள், மலிவுச் சாயம் போன்ற மிக மென்மையான பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி என்பது பன்னாட்டு ஒளியியல் ஆணையத்தின் 2004 அறிக்கை சொல்லும் வரம்பு. பெட்டிக்குள் ஸ்பாட் லைட் வைத்துப் பக்கத்தின் மேல் 1,000 லக்ஸ் விழுந்தால், நாளுக்கு 8 மணி வீதம் 5 நாளில் 40,000. இரண்டரை ஆண்டுப் பங்குக்கு மேல் ஒரே வாரத்தில் காலி. இரவில் விளக்கை அணைக்க மறந்தால் 1,20,000. எட்டு ஆண்டுப் பங்கு. அணைக்க மறப்பது அபூர்வம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து வரும் சமாதானம், “எல்இடிதான் போட்டிருக்கோம், புற ஊதாக் கதிரே வராது.” நல்ல எல்இடியில் அது மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலப் பகுதி, சாயத்தைத் தின்னும். எந்த விளக்கானாலும் லக்ஸ் கணக்கு மாறாது. சன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்பதும் பாதி உண்மை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை உள்ளே விடவே செய்யும்.

ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி இருந்தால், திரை மேலே பார்க்கும்படி போனைப் பொருள் வைக்கப்போகும் இடத்தில் கிடத்திப் பாருங்கள். துல்லியம் இராது, 50க்கும் 800க்கும் உள்ள வித்தியாசம் தெரியும், அது போதும். விளக்கு பெட்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வைத்தால் சூடும் சேரும். பார்வையாளர் இல்லாத நேரத்தில் பெட்டியின் மேல் கறுப்புத் துணி போடுங்கள். நூறு ரூபாய்த் துணி.

மற்றவை சுருக்கமாக. பழைய நூலை 180 பாகைக்கு விரித்து வைக்காதீர்கள். 90 முதல் 120 போதும், இரண்டு அட்டைக்கும் அடியில் சாய்வுத் தாங்கி கொடுங்கள். பக்கம் நிற்க பாலியஸ்டர் பட்டை இருக்கிறது, கேளுங்கள், தருகிறோம். செலோடேப், ஃபெவிகால், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் எதுவும் கிட்டே வரக் கூடாது. தலைப்புப் பக்கத்தைக் “காப்பாற்ற” லேமினேஷன் செய்து கொண்டுவருகிறவர்களிடம் என்ன சொல்ல? சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைக் காகிதத்தைக் கிழிக்காமல் உரிக்க முடியாது. புதிதாக அடித்த ப்ளைவுட் பெட்டி, ஈரம் காயாத பெயின்ட் இரண்டும் அமில ஆவி கக்கும். சில வாரம் திறந்து காற்றாட விட்டபின் வைக்கலாம். ஓலைச்சுவடியில் கரி மசி மங்காது, ஆனால் விளக்குச் சூட்டில் ஓலை காய்ந்து, கயிற்றுத் துளையில் விரிசல் விடும். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம், தயவுசெய்து.

அசல் வேண்டுமா என்பதையே முதலில் யோசிக்கலாம். அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, அதே அளவில் பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு வைத்தால் பார்வையாளர் குனிந்து படிக்கலாம், படம் எடுக்கலாம். மீதிப் பக்கங்கள் டிவித் திரையில் ஓடட்டும். எழுத்தாளரின் பேனா மைக் கடிதங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

திரை என்றதும் அடுத்த தலைவலி. விளக்கக் குறிப்பைப் பாமினியில் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுவருவார்கள். எங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, ஆங்கில எழுத்தும் குறியீடுமாக உளறும். யூனிகோடில் அடியுங்கள். ஸ்லைடு என்றால் பவர்பாயின்ட் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய், எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப். அச்சகத்திலிருந்து வரும் பேனர் மாதிரியில் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பாருங்கள். வீடியோவை ஸ்லைடில் இணைப்பாக மட்டும் வைத்தால் வேறு கணினியில் ஓடாது, உட்பொதியுங்கள். மடிக்கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணையுங்கள்.

க்யூஆர் குறியீடு மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கூகுள் டிரைவ் இணைப்பென்றால், உங்கள் கணக்கு நுழையாத இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். “அனுமதி கேள்” என்று திரை கேட்டால் திறப்பு விழாவில் விருந்தினரையும் அதையேதான் கேட்கும்.

இதற்கெல்லாம் எங்களுக்குக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு வந்தால், சாவியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான் கொடுக்க முடியும்.